கேபிளா, டிஸ்க்கா?

சோமனூர்க்காரர்களுக்குத் தறிச் சத்தத்தில் தூக்கம் கெடாது. பத்துத் தறியில் ஒன்று நின்றுபோனால்தான் விழிப்பு வரும். எழுந்து போய்ப் பார்த்தால் பெரும்பாலும் ஊடை நூல் அறுந்திருக்கும். சாதா விசைத்தறியின் ஓரத்தில் கரண்டி மாதிரி ஒரு சின்ன முள் உண்டு. நாடா கடந்த வழியில் நூல் கிடந்தால் அது முள்ளைத் தள்ளிவிடும், தறி ஓடும். நூல் இல்லையென்றால் முள்ளின் வால் கொக்கியில் மாட்டிக் கைப்பிடியைத் தட்டிவிடும், தறி நின்றுவிடும். தவறு நடந்த இடத்திலேயே, அந்த நொடியிலேயே சொல்லிவிடுகிற அந்த முள் மீது எனக்குத் தீராத காதல்.

அப்படியொரு முள்ளை லினக்ஸின் டிஸ்க் டிரைவரிலும் கண்டேன். லினக்ஸ் எங்கள் பக்கத்துக்குப் புதிதில்லை. 2011 முதல் அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலர் கருப்புத் திரையில் கட்டளை அடித்துப் பழகியது அதில்தான்.

சாட்டா டிஸ்க்குகளுக்கான அந்த டிரைவர் பகுதியின் பெயர் 'லிப்ஏடிஏ'. அதைத் தொடங்கியவர் ஜெஃப் கார்சிக். அதன் பிழை கையாளும் பகுதியைத் தேஜுன் ஹோ புதிதாக எழுத, 2006-இல் வந்த 2.6.18 பதிப்பில் அது சேர்ந்தது. அதில் என்னை மயக்குகிற இடம் ஒன்று உண்டு. டிஸ்க்குக்கு ஒரே சமயத்தில் 32 கட்டளைகள் வரை வரிசையில் கொடுக்கலாம். ஒன்று தோற்றால் மற்ற எல்லாமும் நின்றுவிடும். டிரைவர் எல்லாவற்றின் மேலும் பழி போடுவதில்லை. டிஸ்க்கிடமே அதன் பிழைக் குறிப்பைக் கேட்டு வாங்கி, எந்தக் கட்டளை தவறியது என்று பார்க்கிறது. குற்றமில்லாதவற்றைத் தண்டனையில்லாமல் மறுபடி அனுப்புகிறது. பாவில் அறுந்த ஒற்றை இழையைத் தேடிப் பிடித்து முடிச்சுப் போடுகிற கை அது. இணைப்பே தொடர்ந்து தகராறு செய்தால், விநாடிக்கு 6 கிகாபிட் வேகத்தை 3 ஆக்கிப் பார்க்கும், பிறகு 1.5.

நடந்ததை மறைக்காமல் எழுதியும் வைக்கும்: எந்த போர்ட், என்ன கட்டளை, என்ன பிழை. 'யூஎன்சி' என்றால் டிஸ்க் தானே முயன்றும் அந்த இடத்தைப் படிக்க முடியவில்லை. 'ஐசிஆர்சி' என்றால் வழியில் தரவு கெட்டிருக்கிறது, முதலில் கேபிளைப் பார்க்க வேண்டும். "ஏதோ கோளாறு" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளும் அழகான பெட்டிகளைவிட இந்த முரட்டு வரிகள் எனக்கு உயர்ந்தவை.

ஒருமுறை தறிக்காரர் ஒருவர் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். கூலிக் கணக்கு முழுக்க அதில். டிஸ்க் செத்துவிட்டது என்று வேறெங்கோ சொல்லியிருந்தார்களாம். பென்டிரைவில் லினக்ஸை ஏற்றி, அந்த வரிகளைக் காட்டும் 'டிமெசேஜ்' கட்டளையை அடித்தேன். வரிக்கு வரி ஐசிஆர்சி. பெட்டியைத் திறந்தால் உள்ளே பஞ்சுத் தூசி, கேபிள் முனை தளர்ந்து கிடந்தது.

"டிஸ்க் நல்லாத்தான் இருக்குதுங்கண்ணா. ஒயருதானுங்க கோளாறு."

"அப்ப கணக்கெல்லாம் இருக்குதா தம்பி?"

கேபிளை மாற்றிவிட்டு, டிஸ்க்கின் ஆயுள் பதிவேட்டில் 199-ஆம் எண்ணைக் காட்டினேன். கேபிள் வழியில் கெட்ட தரவின் எண்ணிக்கை அது. கேபிளை மாற்றினாலும் குறையாது, ஏறாமல் நின்றால் போதும். பெரிய ஃபைல்களை நகல் எடுத்துக்கொண்டே அரைமணி நேரம் பார்த்தோம். எண் அப்படியே நின்றது.