விரலை எடுத்தாலும் அதே எண்

ஜவ்வாது மலையில், காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 ஜனவரியில் திறந்துவைக்கப்பட்டது. அங்கே எடுத்த நிறமாலைகளைப் பகுத்தாய டெக் நிறுவனத்தின் வாக்ஸ் 11/780 கணினி இருந்தது. டி.பி.பிரபுவும் ஜி.சி.அனுபமாவும் எழுதிய ‘ரெஸ்பெக்ட்’ மென்பொருள் அதில்தான் ஓடியது. டெக்கை 1998-இல் காம்பாக் வாங்கிவிட்டது. வாக்ஸ் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை: நெட்பிஎஸ்டி என்ற திறமூல இயங்குதளம் அந்தக் குடும்பத்தை இன்றும் தாங்கி நிற்கிறது.

அந்த உழைப்பில் அதிகம் பேசப்படாத, தனி அழகுள்ள ஒரு மூலை விசைப்பலகை டிரைவர்.

பெரிய வாக்ஸுக்கு இந்தக் கவலை கிடையாது. விசையை எழுத்தாக்கும் வேலையை டெர்மினலே முடித்துவிடும். மேசைமேல் வைக்கும் வாக்ஸ்ஸ்டேஷனில் அப்படியல்ல. எல்கே201 என்ற பலகை நேராகக் கணினியோடு பேசும், அதன் பேச்சை இயங்குதளம்தான் புரிந்துகொள்ள வேண்டும். 1982-இல் வந்த பலகை அது. நான்கு அம்புக்குறி விசைகளைத் தலைகீழ் ‘டி’ போல அடுக்கும் இன்றைய வழக்கத்தைப் பரப்பிய பெருமை அதற்கு உண்டு. எஸ்கேப் விசை மட்டும் தனியாக இல்லை. எஃப்11-தான் அந்த வேலையைப் பார்க்கும். விஐ எடிட்டரில் வாழ்கிறவர்களுக்கு அது சின்ன விஷயமல்ல.

பலகை 4800 பாட் வேகத்தில் பைட்டுகளை அனுப்பும். விசைகள் 14 பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. கணினி எதுவும் சொல்லாவிட்டால், எழுத்து விசையிலிருந்து விரலை எடுத்ததை அது தெரிவிக்கவே தெரிவிக்காது. டிரைவர் தொடக்கத்திலேயே ஒவ்வொரு பிரிவுக்கும் கட்டளை அனுப்பி, அழுத்தியதையும் விட்டதையும் சொல்லச் செய்ய வேண்டும். இனிமேல்தான் வேடிக்கை. விசையை விட்டதற்கும் பலகை அனுப்புவது அழுத்தியபோது அனுப்பிய அதே எண்ணைத்தான்!

சன் நிறுவனப் பலகைகள் இதைவிட நேரானவை. வேகம் வெறும் 1200 பாட். ஆனால் விடும்போது எண்ணோடு 128-ஐக் கூட்டி அனுப்பிவிடும். பைட்டைப் பார்த்ததுமே விஷயம் தெரிந்துவிடும். எல்கே201-க்கு டிரைவர் எழுதுபவரோ ஒவ்வொரு விசையும் இப்போது கீழே இருக்கிறதா, மேலே இருக்கிறதா என்று நினைவில் வைத்திருக்க வேண்டும். அதே எண் மறுபடி வந்தால் நிலையைத் திருப்பிப் போட வேண்டும். இதே பலகைக்கு லினக்ஸ் இயங்குதளத்தில் உள்ள எல்கே டிரைவரில் யான்-பெனடிக்ட் கிளாவ் இதைச் சில வரிகளில் முடித்திருக்கிறார். தனக்கென்று ஒரு கணக்கேடு வைத்துக்கொள்ளாமல், கெர்னல் ஏற்கெனவே வைத்திருக்கும் விசைநிலைப் பட்டியலைக் கேட்டு, அதன் எதிர்மறையைத் தெரிவிக்கிறார். படித்ததும் கைதட்டத் தோன்றும் சிக்கனம்.

வழியில் ஒரு பைட் தொலைந்தால்? அந்த விசையின் நிலை தலைகீழாகிவிடும். விரல் இல்லாமலே அழுந்திக் கிடப்பதாகக் கணினி நம்பும். அதற்கும் டெக் பொறியாளர்கள் வழி வைத்திருந்தார்கள். கடைசி விசையும் மேலே வந்ததும் அதன் எண்ணுக்குப் பதிலாக 179 வரும்: எல்லா விசையும் விடப்பட்டன என்று பொருள். டிரைவர் உடனே அனைத்தையும் விடுவிக்கிறது, கணக்கு நேராகிறது. பிழையே வராது என்று கற்பனை செய்யாமல், வந்தால் ஒரு மூச்சுக்குள் சரியாகிவிடும்படி வகுத்திருப்பதுதான் இந்த நெறிமுறையின் உயர்வு. ஒரே எண் என்ற விநோதத்தைக் குறையாக எண்ணுபவர் இந்த 179-ஐயும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இப்படிப்பட்ட பலகையைச் சாதாரண பிசியிலும் மாட்டலாம். சீரியல் போர்ட்டோடு தனியாக 12 வோல்ட் மின்சாரமும் தர வேண்டும். எந்தக் கம்பி எந்த முனைக்கு என்பதை லினக்ஸ் டிரைவரின் தலைப்புக் குறிப்பிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்தவருக்கு அது போதும்.