எந்தக் கோப்பு கடைசிக் கோப்பு?

‘பட்ஜெட் 2025’, ‘பட்ஜெட் 2025 புதுசு’, ‘பட்ஜெட் 2025 கடைசி’, அதற்கும் பிறகு ‘கடைசி 2’. எக்செல்லில் திட்டமிடும் அலுவலகங்களில் பலருக்கும் தெரிந்த பதிப்புக் கட்டுப்பாடு இதுதான். கோல சிலாங்கூரிலோ ராசா பக்கத்திலோ ஒரு செம்பனைத் தோட்ட அலுவலகம் இதற்கு விலக்காக இருந்தால் பாராட்டலாம்.

கேலி செய்வது எளிது. ஆனால் இந்த வழக்கத்துக்குச் செலவில்லை, பயிற்சி வேண்டாம், பழைய கோப்பும் அழிவதில்லை. அதன் குறை வேறு: எண் ஏன் மாறியது என்பதை அது சொல்லாது. கிராணி பேரேட்டில் சிவப்பு மையால் அடித்துத் திருத்திய காலத்தில் பழைய எண்ணும் கோட்டுக்கடியில் தெரிந்தது. எக்செல் கட்டத்தில் புதிய எண் பழையதை விழுங்கிவிடும்.

நிரலாளர்கள் 2005 முதல் பயன்படுத்தும் ‘கிட்’ போன்ற கருவி தீர்வாகுமா? எழுத்துக் கோப்பில் மாறிய வரியை அது காட்டும். எக்செல் கோப்போ சுருக்கிக் கட்டிய பொதி. ‘மாறியிருக்கிறது’ என்பதற்கு மேல் பெரிதாக எதுவும் கிடைக்காது. மேகச் சேமிப்பின் பதிப்பு வரலாறு யார், எப்போது என்று சொல்லும். காரணத்தை மனிதர்தான் எழுத வேண்டும்.

உண்மையான ஓட்டை சோதனையில் இருக்கிறது. குறைந்தபட்சச் சம்பளம் 1,500 ரிங்கிட்டிலிருந்து 1,700 ஆனது 2025 பிப்ரவரி 1-இல். சம்பளத்தை ஒரே கட்டத்தில் வைத்திருக்கும் மாதிரியில் அந்த எண்ணை மாற்றினால் ஜனவரியும் சேர்ந்து ஏறிவிடும். 100 தொழிலாளர்களுக்கு 20,000 ரிங்கிட் பிழை. அதே ஆண்டு அக்டோபரில் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் 2% சேமநிதி கட்டாயமானது. இரண்டுமே ஆண்டின் நடுவில் வந்த மாற்றங்கள். தேதி இல்லாத கட்டம் இரண்டையும் தாங்காது.

மிகுலாப வரியில் பிழை இன்னும் நயமாக ஒளியும். தீபகற்பத்தில் 2025 முதல் செம்பனை எண்ணெய் விலை டன்னுக்கு 3,150 ரிங்கிட்டைத் தாண்டினால், தாண்டிய தொகையில் 3%. விலை 4,000 என்றால் 25.50. சூத்திரம் சரிதானே என்று விட்டுவிடுவோம். அதே சூத்திரத்தில் 2,900 போட்டால் வரி ‘கழித்தல் 7.50’ ஆகி, அரசாங்கம் நமக்குப் பணம் தருவதாகக் கணக்கு வரும்!

பெரிய இடங்களும் தப்பவில்லை. 2012-இல் ஜேபி மோர்கன் வங்கி 600 கோடி டாலருக்கு மேல் இழந்த விவகாரத்தில், எக்செல் தாள்களுக்கிடையே கையால் நகலெடுத்து ஓட்டிய புதிய இடர்க் கணிப்பு மாதிரி ஒன்று இருந்தது. சராசரியால் வகுக்க வேண்டிய இடத்தில் கூட்டுத்தொகையால் வகுத்ததால் ஆபத்து குறைவாகத் தெரிந்தது. இழப்புக்கு அதுவே முழுக்காரணம் அல்ல. ஆனால் எச்சரிக்கை மணியை அமுக்கியது.

போன ஆண்டின் அசல் கணக்கைப் புதிய மாதிரியில் ஓட்டிப் பார்ப்பது நல்ல சோதனை, முழுமையானதல்ல. 2024-இல் ஆண்டு முழுக்க ஒரே சம்பள விகிதம். பிப்ரவரிப் பிழை அதில் அகப்படாது. சூத்திரம் எழுதியவரே சோதித்தாலும் அவர் கண் அதே இடத்தில்தான் வழுக்கும். ஆகவே இன்னொருவர் பார்க்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரே மாற்றம் செய்து பழைய விடையோடு ஒப்பிட வேண்டும். ஆண்டுக் கடைசி அவசரத்தில் இது எரிச்சலூட்டும் வேலைதான்.

உங்கள் கோப்பைத் திறந்து விலைக் கட்டத்தில் 2,900 போட்டுப் பாருங்கள். வரி பூஜ்யமாக வராவிட்டால், புதிய மென்பொருள் வாங்கும் பேச்சைத் தள்ளிவையுங்கள்.