சுஃப்ரேனின் எதிரி

ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி எட்வர்ட் ஹியூஸைப் பற்றி எழுத உட்காருகிறவர்கள் இரண்டாம் பத்தியிலேயே பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேனிடம் போய்விடுகிறார்கள். 1782–83இல் இந்த இரு தளபதிகளும் ஐந்து முறை மோதினார்கள்: சதுரங்கப்பட்டினம், புரோவிடியன், நாகப்பட்டினம், திருகோணமலை, கடலூர். சுஃப்ரேன் மேதை, ஹியூஸ் அவரிடம் அடிவாங்கவே பிறந்த மந்தன். இப்போது வரும் கடற்போர் நூல்களும் இதையே ஒப்பிக்கின்றன. ஐந்து போரிலும் எந்தத் தரப்பும் எதிரியின் பெரிய போர்க்கப்பல் ஒன்றைக்கூடப் பிடித்துக்கொண்டு போகவில்லை என்பது மட்டும் அடிக்குறிப்புக்குள் ஒதுங்கிவிடும்.

ஹியூஸின் முற்பகுதி ஒழுங்கானது, சுவாரசியமற்றது. 1735இல் கடற்படையில் சேர்ந்தார். போர்டோபெலோ, லூயிஸ்பர்க், கியூபெக் என்று அந்தத் தலைமுறை போன இடங்களுக்கெல்லாம் போனார். கிழக்கிந்தியக் கடற்படையின் தலைமை இரண்டாம் முறையாகக் கிடைத்த பிறகுதான் கவனிக்கும்படி எதையாவது செய்கிறார். 1780 டிசம்பரில் மங்களூரில் ஹைதர் அலியின் கப்பல்களை அழித்தார். 1781 நவம்பரில் நாகப்பட்டினமும் 1782 ஜனவரியில் திருகோணமலையும் டச்சுக்காரர் கைவிட்டுப் போனதில் அவர் பங்கு பெரிது. அடுத்த மாதமே சுஃப்ரேன் வந்து சேர்ந்தார்.

சுஃப்ரேனின் புகழை உலகத்துக்கு ஏற்றுமதி செய்தவர் அமெரிக்கக் கடற்படை வரலாற்றாசிரியர் மாகன். 1890இல் வந்த அவருடைய புகழ்பெற்ற நூலுக்கு, எதிரிக் கடற்படையைத் தேடிப் போய் அடிக்கும் ஒரு நாயகன் வேண்டியிருந்தது. பிரெஞ்சுக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். சான் துரோப்பேயில் சிலை, புதுச்சேரியில் வீதி, இப்போது ஓர் அணுசக்தி நீர்மூழ்கிக்கும் அதே பெயர். 1931இல் ஹெர்பர்ட் ரிச்மண்ட் இந்தியக் கடல் போர்களைப் பற்றி எழுதிய நூலில்தான் ஹியூஸ் கொஞ்சம் நிமிர்ந்து நிற்கிறார். ரிச்மண்ட் தானே கடற்படை அதிகாரி. குடிநீரும் பாய்மரமும் இல்லாமல் வீரம் நகராது என்று தெரிந்தவர். அந்த வழியில் பின்னால் வந்தவர்கள் குறைவு.

அந்த வழிதான் சரி என்பேன். அன்றைய சென்னைக்குத் துறைமுகமே கிடையாது. கப்பல்கள் அலைகளுக்கு வெளியே நங்கூரமிட்டு நிற்கும். ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளில், அரிசி மூட்டையிலிருந்து தண்ணீர்ப் பீப்பாய் வரை அலையைத் தாண்டி ஏற்றவேண்டும். வடகிழக்குப் பருவம் தொடங்கினால் அங்கே நிற்கவும் முடியாது. உலர்துறை வேண்டுமானால் பம்பாய்க்குத்தான் ஓட வேண்டும். வரைபடத்தில் அம்புக்குறி போட்டு ஹியூஸின் தயக்கத்தைக் கேலி செய்கிறவர்கள் இந்தப் படகுக்காரர்களைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

ஹியூஸுக்கு வக்காலத்து வாங்கவில்லை. 1782 ஆகஸ்டில் சென்னையில் பழுதுபார்ப்பு இழுத்துக்கொண்டே போனது; அவர் திருகோணமலையை எட்டியபோது கோட்டையில் பிரெஞ்சுக் கொடி. அது மன்னிக்க முடியாத தாமதம். அக்டோபரில் அவர் பம்பாய்க்குப் புறப்பட்டதை சென்னை ஆளுநர் மெக்கார்ட்னி கடுமையாக எதிர்த்தார். ஹைதரின் படையெடுப்பால் ஏற்கெனவே பஞ்சத்தில் தவித்த நகரம் சென்னை. அதே சமயத்தில் அடித்த புயலில் அரிசிக் கப்பல்கள் சென்னைக் கரையில் மோதி உடைந்தன. செத்தவர்கள் யார்? இரு நாட்டுக் கடற்படை வரலாற்றிலும் இவர்களுக்கு ஒரு பத்தி கிடைக்கவில்லை.

1783 ஜூன் 20இல் கடலூருக்கு எதிரே ஹியூஸிடம் 18 கப்பல்கள், சுஃப்ரேனிடம் 15. ஆனால் ஆங்கிலக் கப்பல்களில் தண்ணீர் குறைந்துவிட்டது. ஸ்கர்வி நோயில் நூற்றுக்கணக்கான மாலுமிகள் படுத்துவிட்டார்கள். சண்டைக்குப் பின் ஹியூஸ் சென்னைக்குத் திரும்பினார். இதைத்தான் தோல்வி என்கிறார்கள். ஒரு வாரத்தில் சமாதானச் செய்தி வந்துவிட்டது.

பெரும் பணக்காரராக ஊர் திரும்பி 1794இல் இறந்தார் ஹியூஸ். ரெனால்ட்ஸ் வரைந்த படத்தில் தடித்த ஆசாமியாக நிற்கிறார். (சுஃப்ரேன் அவரைவிடத் தடிமன், மேதைகளிடம் அதை யாரும் குறை சொல்வதில்லை.) சமாதான உடன்படிக்கையில் திருகோணமலை டச்சுக்காரர்களுக்கே திரும்பியது, நாகப்பட்டினம் ஆங்கிலேயரிடம் நின்றுவிட்டது. எந்த மேதைமையும் இந்தக் கணக்கை மாற்றவில்லை.

1778 முதல் 1792 வரையான காலத்தைப் பற்றிப் புதுச்சேரி இரண்டாம் வீரா நாயக்கரின் நாட்குறிப்பு தமிழில் அச்சாகியிருக்கிறது. ஹியூஸைப் பற்றி அடுத்து எழுத வருகிறவர் மாகனை மூடிவைத்துவிட்டு, அந்த நூலையும் சென்னைக் கோட்டையின் ஆவணங்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு தொடங்கட்டும்.