மார்பைக் காட்டி நின்றவன்

சுவிஸ் நகரான வின்டர்தூரில் வளர்ந்த எங்கள் பிள்ளைகள் 'ஒன் பீஸ்' தொடரை ஜெர்மன் குரலில்தான் முதலில் கேட்டார்கள். எயிச்சிரோ ஓடா 1997இல் வரையத் தொடங்கிய கடற்கொள்ளையர் கதை அது; 1999 முதல் அனிமே. ஆயிரம் அத்தியாயங்களைத் தாண்டிவிட்டது. எனக்கு அதில் 24ஆவது அத்தியாயம் உயிர்.

அதில் வருபவன் உலகின் தலைசிறந்த வாள்வீரன் மிஹாக். நாயகன் லூஃபியின் தோழனான, மூன்று வாள்களோடு பாயும் சோரோவை அவன் தடுப்பது கழுத்தில் தொங்கும் சிறு கத்தியால். அது நெஞ்சில் இறங்கிய பின்னும் சோரோ ஓர் அடி பின்வைப்பதில்லை. அதற்காகவே மிஹாக் தன் பெரிய கருவாளை உருவுகிறான். தோற்றுவிட்ட சோரோ திரும்பி மார்பைக் காட்டுகிறான்: முதுகில் காயம் வாள்வீரனுக்கு இழுக்கு. வெண்ணிப் போரில் புறப்புண்ணுக்கு நாணி வடக்கிருந்த சேரலாதனைப் புறநானூற்றில் படித்தவருக்கு இவன் அந்நியனா?

எதிரி எட்டாத உயரத்தில் இருப்பதால்தான் இசைக்கும் வேலை வருகிறது. கோஹெய் தனகாவும் ஷிரோ ஹமகுச்சியும் இத்தொடருக்கு முழு வாத்தியக் குழுவின் கனத்தைக் கொடுத்தார்கள். 1629 முதல் மியூசிக்கொலேகியும் என்ற இசைச் சங்கம் இயங்கும் இந்த ஊரில், 'ஓவர்டேக்கன்' போன்ற போரிசையை அரங்கில் நேராகக் கேட்க எனக்குத் தீராத ஆசை.

2023இல் வந்த லூஃபியின் 'ஐந்தாம் கியர்' என்ற உருமாற்றத்தில் இதயத் துடிப்பே முரசாகிறது. ஒரே அடியில் தன்னை முன்பு வீழ்த்திய எதிரி கைடோவின் முன் அவன் சிரித்துக்கொண்டே எழுகிறான். பிரமாதம்தான். ஆனாலும் என் ஓட்டு சோரோவின் தோல்விக்கே.