அனிதா பால்துரை: புள்ளிக் கணக்கிற்கு அப்பால்

கூடைப்பந்தாட்டத்தில் ‘கார்ட்’ எனப்படும் பின்வரிசை ஆட்டக்காரரை அவர் ஈட்டிய புள்ளிகளால் மட்டும் அளத்தல் பொருந்தாது. பந்தைக் கொண்டுசென்று, தக்க வேளையில் தக்கவரிடம் சேர்த்து, ஆட்டத்தை நடத்துவதே அவர்தம் முதற்கடன். சென்னையில் 1985இல் பிறந்த அனிதா பால்துரை இக்கடனைச் செவ்வனே ஆற்றியவர். 19 வயதிலேயே இந்திய மகளிர் அணிக்குத் தலைமை தாங்கினார். 2021இல் பத்மஸ்ரீ விருதும் அறிவிக்கப்பட்டது. பாராட்டுவோர் பெரும்பாலும் பதக்கங்களையே எண்ணுகின்றனர். ஆயின், அவர் வாழ்வின் சிகரம் வேறு. தாயான பின்னரும் அணிக்கு மீண்டு, 2017இல் பெங்களூரில் ஆசியக் கிண்ணத்தின் இரண்டாம் பிரிவை இந்தியா வென்றபோது அவர் களத்தில் நின்றார். வன்னிப் பாடசாலைகளில் வலைப்பந்து ஆடும் மாணவியர் பலர்க்கு விளையாட்டு பள்ளியோடு முடிந்துவிடுகின்றது. அவர்கட்குப் பதக்கக் கணக்கினும் இம்மீட்சியே பெரும்பாடமாகும்.