உச்சிக்குழி

கொரட்டூரில் எங்கள் தெருவுக்குப் பிள்ளை குளிப்பாட்ட வரும் ஆயா, நீட்டிய கால்களில் குழந்தையைக் கிடத்தி எண்ணெய் தடவும்போது கைகள் சரசரவென்று போகும். உச்சிக்கு வந்ததும் மட்டும் மெதுவாகிவிடும். அங்கே எலும்பு இல்லை. தோலுக்கடியில் மெல்லிய சவ்வுதான். உற்றுப் பார்த்தால் நாடித்துடிப்புக்கேற்ப லேசாக ஏறி இறங்கும். தொட்டுப் பார்த்தேன், நனைந்த வெற்றிலையைத் தொட்டது போலிருந்தது. பிறக்கும்போது ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏறி வழிவிட்ட எலும்புகள், ஒன்றரை வயதுவாக்கில் இந்த இடைவெளியை மூடிவிடும்.

மூடிய வேலைப்பாட்டை மருத்துவம் படிக்கும் அண்ணன் மகளின் மேசையில் இருந்த மண்டையோட்டில் பார்த்தேன். மண்டையோட்டில் 22 எலும்புகள்; அசைவது கீழ்த்தாடை ஒன்றுதானாம். என் கண் பின்மண்டையை விட்டு நகரவில்லை. இரண்டு சுவரெலும்புகளும் பிடரி எலும்பைச் சந்திக்கும் கோடு, பல்லுக்குப் பல் கோத்து நெளிந்து நெளிந்து ஓடுகிறது. தையல் என்றே அதற்குப் பெயர். நகத்தால் வருடினால் கரகரவென்று சின்னச் சத்தம். எந்த ஆசாரியின் மரப்பூட்டிலும் இத்தனை நெளிவு கண்டதில்லை. பிறகு அவள் மண்டையோட்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். கண்குழியின் உட்சுவரில், சுண்டுவிரல் நகமளவே உள்ள கண்ணீர் எலும்பு, வெங்காயத் தோலைப் போல வெளிச்சத்தை உள்ளே விட்டது.