‘எடுத்துடலாம்’ என்கிற சொல்

தங்கைக்கு இரண்டு கண்ணிலும் மைனஸ் 9. பள்ளிக்கூட நாளிலிருந்தே சோடாபுட்டிக் கண்ணாடிதான். போன மாதம் லேசர் பண்ணிக்கலாம் என்று போனவளை, கார்னியா மெல்லிசாக இருக்கிறது என்று திருப்பிவிட்டார்கள். கையில் ஒரு விளம்பரக் கையேடு கொடுத்திருந்தார்கள்: கண்ணுக்குள்ளேயே வைக்கும் லென்ஸ், ஐசிஎல். “பிடிக்கலைன்னா எடுத்துடலாமாம் அண்ணா, லேசர்ல அது முடியாதாம்” என்றாள். கையேட்டை இரண்டு தடவை படித்தேன். அந்த ‘எடுத்துடலாம்’தான் உறுத்தியது.

லேசர் வேண்டாம் என்றது சரியான முடிவு. ஒரு பவரைக் குறைக்க லேசர் கார்னியாவில் ஏறத்தாழ 12 முதல் 15 மைக்ரான் வரை செதுக்குகிறது. தங்கையின் கார்னியா 490 மைக்ரான். லாசிக்கில் மேலே திறக்கும் மூடிக்கு 100, ஒன்பது பவருக்கு 120 என்று வைத்தாலும் மிஞ்சுவது 270. குறைந்தது 250 மிஞ்ச வேண்டும் என்பது பழைய கணக்கு. இப்போது அதுவே போதாது என்கிறார்கள். மெலிந்த கார்னியா நாளடைவில் முன்னால் பிதுங்கிக்கொண்டால் பார்வை கெட்டுப்போகும்.

ஐசிஎல் எதையும் செதுக்குவதில்லை. சுமார் 3 மில்லிமீட்டர் கீறல் வழியாகச் சுருட்டி நுழைத்து, ஐரிஸுக்குப் பின்னால், இயற்கை லென்ஸுக்கு முன்னால் விரிக்கிறார்கள். அமெரிக்காவில் 2005-இல் அனுமதி பெற்ற பழைய மாடலுக்கு, கண்ணுக்குள் நீரோட்டம் தடைபடாமல் இருக்க ஐரிஸில் தனியாக ஓட்டை போட வேண்டியிருந்தது. 2022-இல் அங்கே அனுமதி பெற்ற ஈவோ மாடலில் லென்ஸின் நடுவிலேயே 0.36 மில்லிமீட்டர் துளை. நல்ல முன்னேற்றம். கண் உலர்வும் லேசரைவிடக் குறைவு. கையேடு இதுவரை சொல்வதெல்லாம் நிஜம்.

சரி, லென்ஸை எடுத்தால் கண் பழையபடி ஆகிவிடுமா?

எடுப்பதும் கண்ணுக்குள் இன்னொரு அறுவை. லென்ஸுக்கும் இயற்கை லென்ஸுக்கும் நடுவே உள்ள இடைவெளி ரொம்பக் குறைந்தால் கண்புரை வரலாம். ரொம்பக் கூடினால் ஐரிஸ் முன்னால் தள்ளப்பட்டு கண் அழுத்தம் ஏறலாம். புரை வந்துவிட்டால் வைத்த லென்ஸோடு இயற்கை லென்ஸையும் எடுக்கணும். 28 வயதில் அதை இழந்தால், கண்ணே தானாகக் கிட்டத்துக்கும் தூரத்துக்கும் மாறிக்கொள்ளும் திறன் போயிடும். கார்னியாவின் உட்பக்கச் செல்கள் குறைந்தால் மறுபடி வளராது. அதனால்தான் வைத்த பிறகும் அவற்றை அவ்வப்போது எண்ணிப் பார்க்கச் சொல்கிறார்கள். இவையெல்லாம் அடிக்கடி நடப்பவை இல்லை. ஆனால் நடந்தால், லென்ஸைத்தான் திரும்ப எடுக்க முடியும், நடந்ததை முடியாது.

கையேட்டில் இல்லாத இன்னொன்று: மைனஸ் 9 கண் நீண்டு வளர்ந்த கண். லேசரோ லென்ஸோ அந்த நீளத்தைக் குறைக்காது. விழித்திரை விலகும் அபாயம் அப்படியே இருக்கும். கண்ணாடி போனதும் பலர் விழித்திரைப் பரிசோதனையையும் விட்டுவிடுகிறார்கள். நாற்பதைத் தாண்டினால் படிக்கக் கண்ணாடியும் வரும்.

தங்கையைப் போன்ற கண்ணுக்கு ஐசிஎல் நல்ல வழி என்றே நினைக்கிறேன். ஆனால் ‘சும்மா வச்சுப் பார்க்கலாம்’ என்று போகிற விஷயம் இல்லை. அவளுக்கு மூன்று கேள்விகள் எழுதிக் கொடுத்திருக்கிறேன்: என் கண்ணில் முன்னறையின் ஆழம் எவ்வளவு? செல் எண்ணிக்கை எவ்வளவு? இருபது வருஷம் கழித்து என்னை யார் பரிசோதிப்பார்கள்? மூன்றாவதைப் படித்துவிட்டுச் சிரித்தாள். எனக்கு அதுதான் முக்கியமான கேள்வி.